கன்ட்ரோலரை மாற்றினால் பேட்டரி ஆட்டோ பறக்குமா?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஓடும் பேட்டரி ஆட்டோவுக்கும், பெரிய கோயில்களிலும் ஆஸ்பத்திரி வளாகங்களிலும் ஆள் ஏற்றும் பேட்டரி காருக்கும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடுதான்: பேட்டரி, மோட்டார், இரண்டுக்கும் நடுவே கன்ட்ரோலர். ஏற்றத்தில் வண்டி திணறினால் பலரும் முதலில் கைவைப்பது கன்ட்ரோலரில். அப்புறம் டயரில். இரண்டிலும் காசு வீணாவதைத் தடுக்கவே இந்த விளக்கம்.

நம்பிக்கை: பெரிய கன்ட்ரோலர் போட்டால் வண்டிக்குப் பலம் வரும்.

கன்ட்ரோலர் சக்தியை உண்டாக்குவதில்லை. மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகலாம் என்று அளந்து விடுகிறது. கரண்ட் கூடினால் இழுவை கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் இரண்டு மடங்கானால் வயரிலும் மோட்டார் சுருளிலும் சூடு நான்கு மடங்காகும். பழைய வயரையும் மோட்டாரையும் அப்படியே வைத்துவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் பெரிதாக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆட்களோடு 700 கிலோ எடையுள்ள 48 வோல்ட் வண்டி, சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். அதே வேகத்தில் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் போன்ற ஓர் ஏற்றத்தில், 30 அடிக்கு ஓர் அடி உயர்வு என்று வைத்துக்கொண்டாலும், 75 ஆம்பியர் தேவைப்படும். அது பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியில் '100 ஆம்பியர்-மணி' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 5 ஆம்பியராக 20 மணி நேரம் எடுக்கும் கணக்கு. 50 ஆம்பியராக உறிஞ்சினால் இரண்டு மணி நேரம் வராது. ஒரு மணி சொச்சத்திலேயே இறங்கிவிடும்.

வேகம் வேறு விஷயம். அது பெரும்பாலும் வோல்ட்டைப் பொறுத்தது. பழைய கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டிவைத்திருந்தால் ஒழிய, புதியது போட்டும் சமதள வேகம் பெரிதாகக் கூடாது.

நம்பிக்கை: பெரிய டயர், பட்டன் டயர் போட்டால் சேற்றிலும் சுலபமாகப் போகும்.

18 அங்குல உயரச் சக்கரத்தை 20 அங்குலமாக்கினால் தரையைத் தள்ளும் விசை 10 சதவீதம் குறைகிறது. ஏற்றத்தில் திணறும் வண்டிக்கு இது நேர் எதிரான வைத்தியம். அறுவடைக் காலத்தில் பாகூர் வயல்வெளி மண்பாதையில் பட்டன் டயர் நன்றாகப் பிடிக்கும், அது நிஜம். தார்ச்சாலையில் அதே பட்டன்கள் நெளிந்து நெளிந்து சார்ஜைத் தின்னும். நாள் முழுக்கத் தார்ச்சாலையில் ஓடுகிறவருக்கு அது வேண்டாம்.

நம்பிக்கை: என் வண்டி, என் இஷ்டம்.

இ-ரிக்‌ஷாவாகப் பதிவான பேட்டரி ஆட்டோவுக்கு விதிகள் வைத்த எல்லை 25 கிலோமீட்டர் வேகம், நான்கு பயணிகள், 40 கிலோ சாமான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரலாம். கூடுதல் வேகத்தைப் பழைய பிரேக்தான் நிறுத்த வேண்டும் என்பது சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை.

திணறும் வண்டிக்கு முதலில் காற்றைப் பாருங்கள். பிரேக் உரசுகிறதா, பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள் ஏற்றி ஓட்டும்போது 48 வோல்ட்டைத் தரும் நான்கு 12 வோல்ட் பேட்டரிகளையும் தனித்தனியே மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மூன்று 12 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 10-க்குக் கீழே சரிந்தால், மாற்ற வேண்டியது கன்ட்ரோலர் அல்ல, அந்த ஒரு பேட்டரி.