அப்பா ஒரு கம்போசிட்டர்

கேள்வி – பதில்
நினைவு மலர், குடும்ப வரலாறு எழுதுவது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதிப்பாசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் ஒரு சின்ன அச்சாபீஸில் கம்போசிட்டராக இருந்தவர். மீசை அரும்பும் வயதில் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்து ஈய எழுத்தை எடைக்குப் போடும்வரை அதே வேலைதான். பிறகு அங்கேயே பில் புத்தகத்துக்கு நம்பர் போடுவது, தைப்பது என்று காலத்தை ஓட்டினார். போன தை மாதம் தவறிவிட்டார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டோ விளம்பரம் கொடுக்கலாம் என்கிறான் அண்ணன். எனக்கு அந்தப் பணத்தில் அப்பாவைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட ஆசை. எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், உழைப்பாளி, யாரையும் கடிந்து பேசாதவர்’ என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. டைரி கிடையாது, கடிதம் கிடையாது, வீட்டிலும் அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் குடித்துவிட்டு வருவார். அதை எழுதலாமா, கூடாதா? சாதாரண மனுஷனுக்குப் புத்தகம் எதுக்கு என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: புத்தகம் போடுங்கள். அண்ணனிடம் எப்படியாவது பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

சொந்தக்காரர்களிடம் யாழ்ப்பாணத்து வழக்கத்தைச் சொல்லலாம். அங்கே ஒருவர் இறந்தால் 31-ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்பார்கள். ‘கல்வெட்டு’ என்றும் சொல்வார்கள். இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர், பார்த்த தொழில், பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கும். தேவாரமும் திருவாசகமும் சேர்ந்திருக்கும். பெரிய மனிதர்களுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கடைக்காரருக்கும் மலர் உண்டு. ‘நூலகம்’ என்ற இணைய ஆவணகம் இந்த மலர்களையும் மின்வடிவில் சேமித்து வைக்கிறது. நம் பக்கத்தில் இது பரவாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிற செலவில் பாதி போதும்.

இனி, எழுத வராத சங்கடம். ‘அன்பானவர், உழைப்பாளி, கடிந்து பேசாதவர்’ மூன்றையும் அடித்துவிடுங்கள். பொய் என்று சொல்லவில்லை. ஊரில் உள்ள எந்த அப்பாவின் போட்டோவுக்குக் கீழேயும் அவற்றைப் போடலாம் என்பதுதான் குறை. உங்கள் அப்பா தன் பகல் முழுவதையும் கேஸ் முன்னால் நின்று கழித்தவர். அந்த வேலையை எழுதுங்கள், ஆள் தானாகத் தெரிவார்.

அது என்ன வேலை என்பதே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அறை அறையாகத் தடுத்த மரத்தட்டு, அதுதான் கேஸ். ஆங்கிலம்போல 26 எழுத்தோடு தமிழ் முடிவதில்லை. கு, கூ, டி, டீ என்று ஒட்டிப் பிறந்த எழுத்துக்கெல்லாம் தனித்தனி வார்ப்பு, தனித்தனி அறை. எந்த எழுத்து எங்கே என்பது கைக்குத் தெரியும், கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். இடது கையில் ஸ்டிக். வலது கை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அதில் நிறுத்த, இடது கட்டைவிரல் வரி சாயாமல் தாங்கிக்கொள்ளும். எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும், அப்படியே படிக்கப் பழகியிருக்க வேண்டும். ஸ்டிக் நிறைந்தால் ‘கேலி’ என்ற தட்டுக்கு மாற்றி, நூல் போட்டுக் கட்டி, மை தடவிப் புரூப் எடுப்பார்கள். திருத்தம் முடிந்து, பாரம் முடுக்கி டிரெடில் அச்சு இயந்திரத்தில் ஏறும். அச்சானதும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். இந்தப் பிரிக்கிற வேலையை மறந்துவிடாதீர்கள். சின்ன அச்சாபீஸில் எழுத்து கையிருப்பு குறைவு. முகூர்த்த மாதத்தில் நாலு கல்யாணப் பத்திரிகை சேர்ந்து வந்தால் ‘ன்’ தீர்ந்துபோகும். முந்தின வேலையைப் பிரித்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். அப்பா ராத்திரி லேட்டாக வந்த நாட்களுக்குக் காரணம் இதுவாகவும் இருந்திருக்கலாம். விசாரியுங்கள்.

யாரிடம்? அவரோடு டிரெடில் ஓட்டியவரிடம், பைண்டிங் பார்த்தவரிடம், முதலாளி வீட்டில் விவரம் தெரிந்தவரிடம். போனதும் ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். ‘தங்கமான மனுஷன்’ என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். தொழில் கற்றுக்கொடுத்தது யார்? முதலில் கோக்க விட்டது என்ன வேலை? சம்பளம் வாரத்துக்கா, பக்கத்துக்கா? கல்யாணப் பத்திரிகையின் முதல் வரிகளைப் பிரிக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்தார்களா? 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது பழைய வளைந்த லை, னை எழுத்துகளை என்ன செய்தார்கள், புது முறையில் கோத்ததைப் பார்த்து யாராவது ‘இது தப்பு’ என்று திருப்பிக் கொண்டுவந்தார்களா? ஈயத்தை எடைக்குப் போட்ட அன்று அப்பா அங்கே இருந்தாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரம் ஆகும். அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருங்கள்.

அப்பா கடிதம் எழுதி வைக்கவில்லை, சரி. அவர் கோத்தது ஊர் முழுக்கக் கிடக்கிறது. சொந்தத்திலும் தெருவிலும் பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை, ஆடித்தபசு நோட்டீஸ், தேர்தல் நோட்டீஸ், தறிக்கூடத்து பில் புத்தகம், கருமாதிக் கடிதம் என்று ஏதாவது வரும். தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். அச்சிட்ட தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அந்த அடிவரியையும் தேதியையும் வைத்து அப்பா வேலை பார்த்த காலத்துத் தாள்களைப் பிரித்தெடுக்கலாம். இரண்டு கம்போசிட்டர் இருந்திருந்தால், இது யார் கை என்று டிரெடில்காரர் சொல்லிவிடுவார். நாலைந்து தாள்களைப் படமெடுத்துப் புத்தகத்தில் சேருங்கள். ஊர்க்காரர்களின் கல்யாணமும் சாவும் அவர் விரல் வழியே போயிருக்கின்றன என்பதைச் சொந்தக்காரர்கள் கண்ணால் பார்க்கட்டும், ‘சாதாரண மனுஷன்’ என்ற பேச்சு அப்புறம் வராது.

அச்சுக் கோத்த கையோடு எழுத வந்தவர் விந்தன். ‘பாலும் பாவையும்’ நாவலை எழுதுவதற்கு முன்னால் அவரும் கம்போசிட்டர்தான். அவர் ஒருவர் பேனா எடுத்தார். எடுக்காமல் போனவர்களுக்காகப் பிள்ளைகள்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆவணங்களைப் பொறுத்தவரை ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிக்கூட டி.சி. போதும். டி.சி.யில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். சேர்க்கும்போது தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதியோடு வாழ்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். வீட்டுப் பெரியவர்கள் கணக்கு வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பி.எஃப். தாள் தேடி அலையாதீர்கள். 1952-ஆம் ஆண்டு வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கானது. நாலைந்து பேர் வேலை பார்த்த அச்சாபீஸ் அதற்குள் வந்திருக்காது. வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்குக் கடைசியில் கைக்கு என்ன வந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

குடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா இருக்கிறார்கள் என்றால் முடிவு அவர்களுடையது. சனிக்கிழமை இரவுகளை அனுபவித்தவர் அவர்தான். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அந்த இடத்தில் ‘எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்’ என்று போட்டுவிடாதீர்கள், ஊருக்கே தெரியும். எழுதலாம் என்று அம்மா சொன்னால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எந்தக் கடை, யாரோடு, வீட்டுக்கு வந்து என்ன பேசுவார், சம்பளத்தில் அம்மா கைக்கு எவ்வளவு மிஞ்சியது. ‘குடித்தாலும் பாசமானவர்’ என்று ஒரே வரியில் சமாதானம் செய்துவிட்டு அடுத்த பத்திக்கு ஓடாதீர்கள். நாள் முழுக்க ஈயத்தோடு நின்றவரின் உடம்பையும் சேர்த்து எழுதுங்கள். ஈயத்துக்கு முறிவு என்று வாழைப்பழம் சாப்பிடும் நம்பிக்கை கம்போசிட்டர்களிடம் இருந்தது. அப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

செலவு கட்டுப்பட வேண்டுமானால் பக்கங்களை 16-இன் மடங்காக வையுங்கள், 32 தாராளம். சொந்தபந்தத்துக்குக் கொடுத்தது போக ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தவர். அவருடைய சேகரிப்பிலிருந்துதான் 1994-இல் அந்த நூலகமே தொடங்கியது. கம்போசிட்டர் ஒருவரின் வாழ்க்கை போய்ச் சேர அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நினைவு நாளுக்குள் முடியவில்லை என்றால் அடுத்த வருடம் போடலாம், தப்பில்லை. டிரெடில்காரரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவருக்கும் வயதாகியிருக்கும்.

கேள்வி: அப்பா லாரி டிரைவர். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ‘சாப்பிட்டியாம்மா’ என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தக் குரல் என் போனில் இருக்கிறது. அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் போனில் வந்து இறங்கிய பதிவுகள் நீங்களாக அழிக்காதவரை அதில் இருக்கும். போன் கெட்டாலோ தொலைந்தாலோ ஆபத்து. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு பென் டிரைவிலும், தம்பி தங்கை போனிலும் ஒரு பிரதி வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும், அன்று அவர் எந்த ஊரில் நின்றார் என்பதையும் சேர்த்துவிடுங்கள், பின்னால் நினைவில் நிற்காது.

அப்பாவின் போனை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. 120 நாட்கள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். அவர் உங்கள் அம்மாவுக்கும் கூட்டாளிகளுக்கும் அனுப்பியவை அந்த போனில் இருக்கலாம். அதை யாருக்கும் கொடுக்காமல், ரீசெட் செய்யாமல், சார்ஜ் போட்டு அதிலிருப்பதையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள்.