பழைய சரக்கு வண்டியில் டீசல் சிக்கனம்

ஐதராபாத் மாநகரின் வடகிழக்குப் பகுதியில் அமைந்துள்ள குஷாய்குடாவில் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துப் பணிமனை ஒன்று உள்ளது. அதனைச் சுற்றியுள்ள தெருக்களிலும், அருகிலுள்ள சர்லபள்ளித் தொழிற்பேட்டையிலும் சிறிய சரக்கு வண்டிகள் வரிசையாக நின்று வாடகைக்குக் காத்திருப்பதைக் காணலாம். 1967-ல் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் இங்கு தோன்றிய பின் வளர்ந்த தொழிற்கூடங்கள் பலவற்றுக்கு மூலப்பொருள் கொண்டு வருவதும், செய்த பொருளை எடுத்துச் செல்வதும் இவ்வண்டிகளே. இவற்றுள் கணிசமானவை பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்தவை. ஓட்டுபவரே பெரும்பாலும் உரிமையாளர்.

பணிமனையில் நிற்கும் பேருந்தும் வெளியே நிற்கும் சரக்கு வண்டியும் எரிப்பது ஒரே டீசலைத்தான். ஆனால் பேருந்து ஒவ்வொரு லிட்டருக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது நாள்தோறும் ஏட்டில் பதியப்படுகிறது. சரக்கு வண்டிக்கு அத்தகைய ஏடு இல்லை. "இன்று இரண்டாயிரத்துக்குப் போட்டேன்" என்று உரிமையாளர் ரூபாய்க் கணக்குச் சொல்வாரே தவிர, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் பெரும்பாலும் ஊகத்தையே விடையாகக் கூறுவார். பழைய வண்டியில் சிக்கனத்துக்கு முதல் தடை என்ஜினின் வயதன்று. இந்த ஏடு இல்லாமையே ஆகும்.

நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யப்படுவது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு, ஓராண்டுக்குள் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோதுதான் சிக்கனம் என்பது நாட்டின் கொள்கையாயிற்று. 1978-ல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைந்தது. அச்சங்கமும் மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளன. நிஜாம் ஆட்சியில் 1932-ல் 27 பேருந்துகளுடன் தொடங்கிய போக்குவரத்துப் பிரிவின் வழிவந்ததே குஷாய்குடாப் பணிமனையை நடத்தும் கழகம். 1958 முதல் ஆந்திரப் பிரதேசக் கழகமாக இயங்கி, மாநிலப் பிரிவினைக்குப் பின் தெலங்கானாவுக்கெனத் தனியாயிற்று. டீசல் சிக்கனத்தில் நாட்டின் முன்னணிக் கழகங்களுள் ஒன்றாக அது நெடுங்காலமாகப் பெயர் பெற்றுள்ளது. இதன் மறைபொருள் எந்த அரிய கருவியிலும் இல்லை. பேருந்து வாரியாகவும் ஓட்டுநர் வாரியாகவும் கணக்கு வைத்தல், பின்தங்கிய ஓட்டுநரை அழைத்துப் பயிற்றுவித்தல், பின்தங்கிய வண்டியைப் பட்டறையில் சோதித்தல் ஆகிய இவ்வளவே. ஒற்றை வண்டி உடையவரும் இதனைச் செய்ய இயலும்.

பழைய வண்டியில்தான் மிச்சம் அதிகம்

"இந்தக் கிழட்டு வண்டியில் என்ன மிச்சம் பிடிக்க முடியும்?" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. கணக்கு இதற்கு நேர்மாறாக உள்ளது. மாதம் 1500 கிலோமீட்டர் ஓடும் இரு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் புதிய வண்டி 20 கிலோமீட்டர் தரத் தொடங்கினால் மாதத்துக்கு மிச்சமாவது ஏறத்தாழ 8 லிட்டர். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் பழைய வண்டி 10 கிலோமீட்டர் தரத் தொடங்கினாலோ, 187½ லிட்டர் 150 ஆகக் குறைந்து 37½ லிட்டர் மிச்சமாகிறது. இரண்டிலும் உயர்வு 2 கிலோமீட்டர்தான். பலனில் நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு. புதிய வண்டிக்கு மாதத் தவணை கட்ட வழியில்லாத ஒருவருக்கு ஆண்டுக்கு 450 லிட்டர் டீசல் என்பது சிறு தொகையன்று. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பெரும் துணையாகும்.

அளக்கும் முறை எளிது. தொட்டியை முழுமையாக நிரப்பி, பம்புக் குழாய் தானே நிற்கும் இடத்தோடு நிறுத்தி, ஓடுமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 400 அல்லது 500 கிலோமீட்டர் ஓடிய பின் அதே நிலையத்தில், அதே பம்பில் மீண்டும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரே ஒரு முறை அளந்ததை நம்பலாகாது. மூன்று முறையின் சராசரியே பயன் தரும். பழைய வண்டிகளில் ஓடுமானி பழுதாகியிருப்பது வழக்கம். டயரின் அளவை மாற்றியிருந்தாலும் அது தவறாகவே காட்டும். அப்படியானால் கைப்பேசியின் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அன்றைய சுமை, வழி ஆகியவற்றையும் ஒரு சொல்லில் குறித்து வைத்தால், எண் குறைந்ததற்குக் காரணம் வண்டியா பாரமா என்பது விளங்கும்.

எங்கே கசிகிறது?

சொல்லின் நேர்ப்பொருளிலேயே தொடங்கலாம். குழாய் இணைப்பில் நொடிக்கு ஒரு துளி டீசல் சொட்டினால், நாற்பது துளியை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டாலும், ஒரு நாளில் 2 லிட்டருக்கு மேல் மண்ணில் போகிறது.

அடுத்தது சக்கரம். காற்றழுத்தம் குறைந்த டயர் தரையில் அழுந்தி நெளிவதால் என்ஜினின் உழைப்பில் ஒரு பகுதி டயரைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. காலையில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் பார்க்க வேண்டும். நண்பகலில் சூடேறிய டயரை அளந்து, அழுத்தம் மிகுந்துவிட்டதென்று காற்றை இறக்கிவிடுவது தவறு. பிரேக் பிடித்து உராய்கிறதா என்பதையும் எளிதில் அறியலாம். சிறிது தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பார்த்தால் உராயும் சக்கரம் சூட்டினால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய என்ஜின்களில் டீசலைப் பீய்ச்சும் பம்பு கணினிக் கட்டுப்பாடு அற்றது. ஒரு காலத்தில் பெங்களூரின் மைக்கோ நிறுவனம் செய்தளித்த காரணத்தால் இன்றும் பல பட்டறைகளில் அதற்கு 'மைக்கோ பம்பு' என்றே பெயர். 'இழுவை போதவில்லை' என்று உரிமையாளர் குறைகூறியவுடன், சில மெக்கானிக்குகள் பம்பின் முத்திரையை உடைத்துத் திருகாணியைத் திருப்பி டீசலின் அளவைக் கூட்டிவிடுகின்றனர். இழுவை சற்றுக் கூடியது போலத் தோன்றும். ஆனால் உள்ளே வரும் காற்று கூடவில்லை. ஆதலால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது. இழுவை குறைந்ததன் உண்மைக் காரணம் அடைபட்ட காற்று வடிகட்டியாகவோ, தேய்ந்த நாசிலாகவோ, வழுக்கும் கிளச்சாகவோ இருக்கக்கூடும். ஆகவே கரும்புகை கண்டால் முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்து, அதன்பின் நாசில்களின் அழுத்தத்தைச் சோதனைப் பலகையில் பார்த்து, டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து, கடைசியாகத்தான் பம்பைத் தொட வேண்டும். நீலப் புகையாயின் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அதற்கு மருத்துவம் வேறு.

வெப்ப நாடான நம்மிடையே வேரூன்றிவிட்ட தவறு ஒன்றை இங்கு விரிவாகக் கூற வேண்டும். என்ஜின் சூடாகிறது என்றவுடன் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவைக் கழற்றி எறிந்துவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. நீர் ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தை எட்டும்வரை அதனை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுப்பதே அக்கதவின் வேலை. அது இல்லையேல் என்ஜின் உரிய வெப்பத்தை அடைய நெடுநேரமாகும். அதுவரை டீசல் முழுமையாக எரிவதில்லை. ஆயிலும் தடித்தே இருந்து உராய்வைக் கூட்டும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கும் வண்டிக்கு இது நாள் முழுதும் நீடிக்கும் இழப்பாகும். சில என்ஜின்களில் கதவைக் கழற்றினால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவருவதால் சூடு மேலும் கூடுவதும் உண்டு. சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்போ, தளர்ந்த பெல்ட்டோ என்பதைப் பார்ப்பதே முறை.

ஓட்டும் பழக்கம்

மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்பது பெட்ரோலியச் சேமிப்புச் சங்கம் நெடுநாளாகக் கூறிவரும் அறிவுரை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்வது. 60-ல் செல்லும் வண்டி 80-ஐத் தொட்டால் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. தளர்வாகக் கட்டப்பட்டுப் படபடக்கும் தார்ப்பாய் இதனை மேலும் மிகுவிக்கும். கீசரா, கட்கேசர் வழியே செல்லும் வெளிவட்டச் சாலை நிறுத்தமற்றது என்பதனால் தூரம் கூடினும் சிக்கனமாகலாம். ஆனால் அங்கே ஏறியவுடன் வேகத்தைக் கூட்டுவோர்க்கு அந்த ஆதாயம் கரைந்துவிடும். எது சிக்கனம் என்பதை அவரவர் ஏடே சொல்ல வேண்டும்.

இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஓட்டினால் டீசல் மிச்சம் என்று நம்புவோர் உளர். உண்மை வேறு. கியரில் இருந்தபடி காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுழற்ற, பம்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் தன்னைச் சுழலவைத்துக்கொள்ளவே டீசல் குடிக்கிறது. என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இதனினும் கொடிது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து, மிதித்தாலும் வண்டி நிற்காமற் போகக்கூடும். காந்தம், குளிகை, விந்தைத் திரவம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய சாதனங்களைச் சோதித்து, குறிப்பிடத்தக்க பயன் அநேகமாக எதிலும் காணவில்லை.

போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்குப் பயிற்றுநர் இருக்கிறார், பட்டறை இருக்கிறது. மதிலுக்கு வெளியே நிற்கும் சொந்த வண்டிக்காரருக்கு இரண்டும் இல்லை. தொழிற்பேட்டைச் சங்கம் இடமளித்து, கழகத்தின் பயிற்றுநர் மாதம் ஒரு ஞாயிறு வந்து, ஒரு காற்றழுத்தமானியும் நாசில் சோதனைப் பலகையும் வைத்துக்கொண்டு அமர்ந்தால் அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வருவோர் ஒவ்வொருவரும் மூன்று முறை நிரப்பிய கணக்கைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பதே நுழைவுக் கட்டணமாக இருக்கலாம். அடுத்த மாதம் அதே ஏட்டில் அடுத்த எண்ணைப் பதிந்து பார்க்கலாம்.