பூண்டிக்கு ரயிலா, கம்பிவடமா?

அன்புள்ள பூண்டி வாசகருக்கு,

கொடைக்கானல் மேல்மலைக்கு ரயில் கேட்டு மனு எழுதப்போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஊட்டிக்கு ஓடுகிற ரயில் நமக்கு ஏன் ஓடக்கூடாது என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் எழுதுமுன் மலையின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு உயரம் மட்டும் சுமார் 1,800 மீட்டர் ஏற வேண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. 40 மீட்டர் போய் ஒரு மீட்டர் ஏறுவதே அதற்குச் சிரமம். அந்தக் கணக்கில் 72 கிலோமீட்டர் பாதை இடைவிடாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஊட்டி ரயிலோ கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. தண்டவாளங்களுக்கு இடையில் பல் வெட்டிய இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள்; இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்விப் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதற்கும் 46 கிலோமீட்டரில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் தேவைப்பட்டன. இன்றும் மழையில் மண் சரிந்தால் ரயில் நின்றுவிடுகிறது. அப்படியே ஒன்றைக் கொடைக்கானலுக்குப் போட்டாலும், அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி உங்கள் ஊருக்கு வர வேண்டுமே!

உங்களுக்கு அருகிலேயே ஒரு ரயில் ஓடியிருக்கிறது. கிளாவரையிலிருந்து மலைப்பாதையில் மேற்கே நடந்தால் கோவிலூர், வட்டவடை. அதற்கும் அப்பால் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து குண்டளை வழியாக அங்கே தேயிலை கொண்டுவர 1902இல் தோட்ட நிறுவனத்தார் பாதை போட்டார்கள். முதலில் ஒற்றைத் தண்டவாளம்தான். வண்டியின் எடை பெரும்பாலும் அந்த ஒரு கம்பியின் மேல் நிற்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டபடி வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தது மாடு. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி இன்ஜின் விட்டார்கள். ரயிலின் இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால், வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும். பாதை குறுகக் குறுக அந்த வித்தியாசமும் குறையும், வண்டி நெருக்கமான வளைவிலும் திரும்பும். மலைக்கு ஏற்ற அகலம் அது.

அவர்கள் செய்ததில் என்னை மிகவும் கவர்ந்தது, ரயிலை மலை விளிம்போடு நிறுத்திக்கொண்டதுதான். செங்குத்துச் சரிவில் தண்டவாளம் போட அவர்கள் முயலவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் (ரோப்வே) தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி போய்ச் சேர்ந்தன. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான். நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டும் சந்திக்காமல் போனதை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை.

அந்தக் கம்பிவட யோசனை உங்களுக்கும் பொருந்தும். மேல்மலைப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குத்தானே போகிறது? அந்தச் சந்தை மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. உங்கள் மூட்டையோ கிழக்கே கொடைக்கானல் வரை லாரியில் போய், மலை இறங்கி, பிறகு மேற்கே திரும்பி வருகிறது. கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் அது போகும் வழி மாறவில்லை. கம்பிவடமோ சரிவில் நேராக இறங்கும். கோபுரம் நிற்கும் இடங்களைத் தவிர மலையை வெட்ட வேண்டியதில்லை. இறங்கும் பாரத்தின் இழுவையே காலிக் கூடைகளை மேலே ஏற்றும். காட்டுக்குச் சேதம் சாலையைவிடக் குறைவு. பழனி கோயிலில் ரோப்காரில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆகவே மனுவில் இரண்டு கோரிக்கைகள் போதும். ஒன்று, மேல்மலை விளிம்பிலிருந்து பெரியகுளம் பக்கம் இறங்கும் சரக்குக் கம்பிவடத்துக்கு ஆய்வு. வனத்துறையையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் ரயில் வரும் நேரத்துக்கு மேல்மலைப் பேருந்து. ஊர்க்கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் சம்மதித்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.