நெஞ்சு நோவும் பாரிசவாதமும்: வாகனம் வரும்வரை வீட்டில் என்ன செய்வது?

சொந்தக் காணிக்குத் திரும்பி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு குடும்பத்தைக் கடந்த மாரிகாலத்தில் சந்தித்தோம். வீட்டுக்காரருக்கு வயது ஐம்பத்தேழு. பல வருடங்கள் உறவினர் வீடுகளில் இருந்தவர், வந்த நாள் தொடக்கம் பற்றை வெட்டுவதும் கிணறு இறைப்பதுமாக ஓய்வில்லாமல் நின்றிருக்கிறார். ஒரு நாள் பின்னேரம் நெஞ்சின் நடுவில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்ததாம். வேர்த்துச் சேட் நனைந்துவிட்டது. “ஒண்டுமில்லை, வாயுதான். விடியட்டும் பாப்பம்” என்று அவரே சொல்லியிருக்கிறார். மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்து, நெஞ்சுக்கு எண்ணெய் தடவி, விடியவிடிய விழித்திருந்தார். காலையில் ஒரு லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது நோ தொடங்கிப் பதினொரு மணித்தியாலம் கடந்துவிட்டது.

அவர் உயிருடன் இருக்கிறார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது என்று வைத்தியர் சொன்னாராம். இன்றைக்கு நான்கு வாளி தண்ணீர் அள்ளுவதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. அவருடைய மனைவி எங்களிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “இது வாயு இல்லையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும், பிள்ளை?”

இந்தப் பாடம் அந்த அம்மாவின் கேள்விக்கான பதில். எழுதுகிற நான் வைத்தியர் அல்ல. முதலுதவிப் பயிற்சியில் கற்றதையும், மீள்குடியேறிய கிராமங்களில் கண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

இதயம் எப்படி வேலை செய்கிறது

இதயம் நெஞ்சின் நடுவில், சற்று இடப்புறம் சரிந்து இருக்கிறது. அவரவர் பொத்திய கையின் அளவுதான். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 300 கிராம் நிறை. பெரும்பாலும் தசை. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள் என நான்கு அறைகள். உடலைச் சுற்றி வந்த இரத்தம் வலப்பக்கம் சேரும். வலது இதயவறை அதைச் சுவாசப்பைக்குத் தள்ளும். அங்கே ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு அது இடப்பக்கம் திரும்பும். இடது இதயவறை அதைப் பெருநாடி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்பும். பின்னோக்கி ஓடாமல் இருக்க இடையிடையே வால்வுகள் உண்டு. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் படம் இருக்கும், வாங்கிப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 தொடக்கம் 100 தடவை துடித்து, ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தை இது தள்ளுகிறது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறு. இதயத்துக்குள் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருந்தாலும், அந்தத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தை அங்கிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. பெருநாடியின் அடியிலிருந்து பிரிந்து, இதயத்தின் வெளிப்புறமாகப் படர்ந்து வரும் முடியுரு நாடிகள்தான் அதற்கு இரத்தம் கொண்டுவருகின்றன. இரணைமடுக் குளம் நிரம்பி நின்றாலும் வாய்க்கால் அடைபட்டால் அந்த வாய்க்காலுக்குரிய வயல் காயுமல்லவா, அதுபோலத்தான். இந்த நாடிகளின் உட்சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்க, அதன்மேல் இரத்தம் கட்டியாகி வழியை அடைத்துவிடும். அதுவே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை உடனே முழுவதும் சாவதில்லை. அரை மணித்தியாலத்துக்குள் சாகத் தொடங்கி, அடுத்த சில மணித்தியாலங்களில் கொஞ்சங் கொஞ்சமாகப் பரவும். கட்டியைக் கரைக்கும் மருந்தும், நாடியைத் திறக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. செத்த தசையை மீட்கும் மருந்துதான் இல்லை. ஆகவே எவ்வளவு முன்னதாகப் போகிறோமோ அவ்வளவு தசை மிஞ்சும்.

வாயுவா, மாரடைப்பா?

உண்மையைச் சொன்னால், வீட்டில் இருந்தபடி இதை நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. வைத்தியர்களே ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தம் சோதித்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். ஆகவே அந்த அம்மா தன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. கண்டுபிடிப்பது எங்கள் வேலையல்ல, சந்தேகப்படுவதுதான் எங்கள் வேலை.

நெஞ்சின் நடுவில் அழுத்துவது, இறுக்குவது, பாரம் ஏற்றியது போன்ற நோ வந்து, சில நிமிடம் ஆறியிருந்தும் குறையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அது இடது கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, கழுத்துக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், வாந்தி, தலைச்சுற்று சேர்ந்து வரலாம். சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், பலர் நடந்து திரிவார்கள். நீரிழிவு உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோருக்கு நோவே இல்லாமலும் வரலாம். காரணமில்லாத கடும் களைப்பு, மூச்சு வாங்கல், மேல்வயிற்றில் ஒரு சங்கடம், அவ்வளவுதான் தெரியும். எங்கள் பெண்கள் “சமைச்சுப்போட்டுப் படுக்கிறன்” என்று சொல்லிச் சமாளிப்பதில் கெட்டிக்காரிகள். அப்படிச் சொல்லும்போது வியர்த்திருக்கிறதா என்று முகத்தைப் பாருங்கள்.

சந்தேகம் வந்தவுடன் அவர் செய்யும் வேலையை நிறுத்தி, சுவரில் அல்லது கதிரையில் சாய்ந்து, முழங்கால் மடித்து இருக்கச் செய்யுங்கள். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இது நாட்டின் இலவச அம்புலன்ஸ் சேவை, அழைப்புக்கும் பணமில்லை, வண்டிக்கும் பணமில்லை. 2018இல் வடக்குக்கும் வந்தது. இடம்பெயர்ந்த ஆண்டு 1990 என்று சொல்லும் குடும்பங்கள் எங்களிடையே பல உண்டு. அந்த இலக்கத்தை நினைவில் வைக்க அவர்களுக்குத் தனியாக வழி சொல்லத் தேவையில்லை.

வீட்டில் அஸ்பிரின் இருந்தால், 1990இல் பேசுபவரிடம் கேட்டு, 300 மில்லிகிராம் அளவைச் சப்பி விழுங்கச் சொல்லலாம். கிளினிக்கில் தரும் சிறிய 75 மில்லிகிராம் குளிசை என்றால் நான்கு. அஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும், குடற்புண்ணால் இரத்தம் போனவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். பனடோல் இதற்குப் பதிலாகாது. நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை வைத்தியர் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி வைக்கலாம். அடுத்த வீட்டுக்காரரின் குளிசையை வாங்கி வைக்கக்கூடாது. அவரை நடத்திக்கொண்டு போகவோ, மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு ஓடவோ வேண்டாம்.

விழுந்துவிட்டால்

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது இடைக்கிடை ஏங்குவதுபோல் மட்டும் வருகிறது என்றால் இதயம் நின்றுவிட்டது. அந்த ஏங்கலைப் பார்த்து “மூச்சு இருக்குது” என்று ஏமாற வேண்டாம். ஒருவர் 1990க்கு அழைக்க, மற்றவர் தொடங்க வேண்டும். கட்டிலிலிருந்து இறக்கி நிலத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கையைப் பின்னி, முழங்கை மடியாமல் உங்கள் உடல் பாரத்தால் அழுத்துங்கள். 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர் ஆழம் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுவதும் மேலே வர விடுங்கள். நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை, அதாவது செக்கனுக்கு இரண்டு என்பதற்குச் சற்றுக் குறைவு. வாய்விட்டு எண்ணுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், இல்லாவிட்டால் கை சோர்ந்து ஆழம் குறைந்துவிடும். பயிற்சி இல்லாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையில்லை, அழுத்தினால் போதும். விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்த வேண்டாம். எலும்பு பிறகு பொருந்தும். அம்புலன்ஸ் வரும்வரை, அல்லது அவர் அசையும்வரை தொடருங்கள்.

பாரிசவாதம்

இதயத்தில் நடப்பதே மூளையில் நடந்தால் பாரிசவாதம். பெரும்பாலும் இரத்தக்கட்டி அடைக்கிறது, சில வேளைகளில் நாடி வெடித்து இரத்தம் கசிகிறது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்வதால், பாதிப்பு எதிர்ப்பக்கத்தில் தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பது மாரடைப்பைவிட இலகு. சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் முன்னே தூக்கச் சொல்லுங்கள்: ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? அவருடைய ஊரின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: நாக்குக் குழறுகிறதா, வேறெதையோ சொல்கிறாரா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். திடீரென ஒரு கண்ணில் பார்வை போவதும், நடை தடுமாறுவதும் அடையாளங்களே. சில நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போயாக வேண்டும். அது பெரிய ஒன்று வரப்போகிறது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.

அடுத்ததாக, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும், அதற்கு முன் சீ.ரி. ஸ்கேன் எடுத்துக் கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஐந்துக்குக் கை விழுந்த நிலையில் எழும்பினால், கணக்கு எட்டு மணியிலிருந்துதான் தொடங்கும். இந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் வைத்தியர் தயங்க வேண்டிவரும்.

வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். தண்ணீர், தேத்தண்ணீர், குளிசை எதுவும். விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். நெஞ்சு நோவுக்குச் சொன்ன அஸ்பிரினை இங்கே கொடுக்கவே கூடாது, கசிவாக இருந்தால் அது கூடிவிடும். பிரஷர் குளிசையை மேலதிகமாகக் கொடுப்பதும் ஆபத்து. வாந்தி அல்லது மயக்கம் இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எண்ணெய் போட்டு உருவுவதும், நூல் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. வைத்தியசாலையிலிருந்து வந்தபிறகு செய்யுங்கள்.

பாதையை இன்றைக்கே பேசி வையுங்கள்

அந்த ஐயாவின் வீட்டில் விடியும்வரை காத்திருந்ததற்கு வாயு மட்டும் காரணமல்ல. முன்பு இருந்த இடத்தில் சந்தியில் எந்நேரமும் ஓட்டோ நிற்கும், பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இங்கே பக்கத்து வளவுக்காரர் வந்து ஒரு கிழமைதான். இரவில் யாரை எழுப்புவது என்று தெரியவில்லை. மீளக் குடியேறும் எவருக்கும் இது பொருந்தும்: வீடு பழையது, அயல் புதியது.

ஆகவே வந்த கிழமையே அயலவரோடு பேசுங்கள். யாரிடம் வாகனம் இருக்கிறது, இரவில் வருவாரா? வளவில் எந்த இடத்தில் நின்றால் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும்? 1990க்கு இடத்தை எப்படிச் சொல்வது? வீட்டிலக்கம் இல்லாத இடங்களில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, கட்டை இலக்கம் ஆகியவற்றைச் சொல்லி, ஒருவர் ரோச் லைட்டோடு பிரதான வீதியில் போய் நிற்கவேண்டும். வண்டி வரத் தாமதமாகும் என்று அவர்கள் சொன்னால் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்று அவர்களிடமே கேளுங்கள். கிட்டிய சிறிய வைத்தியசாலையில் ஸ்கேன் இருக்காது. அவசரம் என்பதற்காக, மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள குறுக்குப் பாதையால் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் போகாதீர்கள்.

இன்னொன்று, கிளினிக் கொப்பி. இடம் மாறும்போது பாத்திரம் பண்டங்களை ஏற்றுகிறோம், கொப்பி அங்கேயே நின்றுவிடுகிறது. பிரஷர், நீரிழிவு, கொலஸ்திரோல் குளிசைகள் இரண்டு மாதம் நின்றுபோவதும் அப்படித்தான். பழைய கிளினிக்கில் மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கி, புதிய இடத்தின் அரசாங்க வைத்தியசாலையில் பதியுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் வெறும் குளிசைப் பெட்டிகளையாவது கொண்டுபோங்கள். நெடுநாள் வேலை செய்யாத உடம்பு என்றால் பற்றை வெட்டுவதை ஒரே கிழமையில் முடிக்க நினைக்க வேண்டாம். புகைப்பதை விட இதைவிடப் பொருத்தமான காலம் வராது.

கீழே உள்ளதை நிரப்பி, இந்தத் தாளைக் கிழித்துக் குசினிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் காட்டி வையுங்கள்.

அம்புலன்ஸ்: 1990
எங்கள் வீட்டுக்கு வரும் வழி: ....................
இரவில் வாகனம் தருபவரின் பெயரும் தொலைபேசியும்: ....................
அவர் இல்லாவிட்டால்: ....................
போகவேண்டிய வைத்தியசாலை: ....................
கிளினிக் கொப்பி இருக்கும் இடம்: ....................
ஒவ்வாத மருந்து: ....................
நோ தொடங்கிய நேரம் அல்லது கடைசியாக நன்றாக இருந்த நேரம் (அன்றைக்கு எழுதுவதற்கு): ....................