சாயம் விற்குமுன் நூலைக் கேளுங்கள்

வீட்டிலேயே கம்பளி நூலுக்குச் சாயமேற்ற விரும்பி நம் கடைக்கு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "நூல் ஆட்டு ரோமமா, அக்ரிலிக்கா?" என்பதே. இரண்டுமே 'உல்லன்' என்ற பெயரில்தான் விற்கின்றன.

ஓர் இழையைக் கொளுத்தினால் தெரிந்துவிடும். கம்பளி, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாகும். அதற்கு, கம்பளிக்கான சாயம் சரியாகப் பிடிக்காது. வாங்கியவர் நம்மைத்தான் குறை சொல்வார்.

கம்பளி புரத இழை. ஆசிட் சாயம் அதில் நன்கு ஏறும். கேசரிப் பவுடரில் உள்ள மஞ்சள் நிறமியும் இந்த இனமே. நாமே ஒருமுறை செய்து பார்ப்போம்.

100 கிராம் நூலைத் தளர்ந்த சிட்டமாகக் கட்டி, அரைமணி நேரம் நீரில் ஊற வைக்கவும். எவர்சில்வர் பாத்திரத்தில் 3 லிட்டர் நீர், 1 கிராம் ஆசிட் சாயம், 100 மில்லி வினிகர் கலந்து, நூலை இட்டு மெல்லச் சூடாக்கவும். கொதிக்க விடாமல் முக்கால் மணி நேரம் வைத்து, அதே நீரில் ஆற விடவும். அடித்துக் கிளறினால் நூல் சுருங்கித் திரண்டுவிடும். நீர் தெளிந்தால் சாயம் ஏறிவிட்டது என்று பொருள்.

உணவு நிறம் வெயிலில் மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மற்றச் சாயங்களுக்குச் சமையல் பாத்திரம் கூடாது. நாமும் அவற்றை உணவுப் பொருள் அலமாரியில் அடுக்கக் கூடாது.

சாயமேற்றிய மாதிரிச் சிட்டம் ஒன்றைக் கடையில் தொங்கவிடுவோம். விற்பனைக்கு அதுவே நல்ல விளம்பரம்.