தொண்டும் அனுபவம்தான்!

இறுதியாண்டு வந்துட்டா நம்மில் பலருக்கு ஒரே கவலை: "வேலை அனுபவம் இல்லையே, ரெஸ்யூமேல என்ன எழுதுறது?"

தைப்பூசத்துல தண்ணீர்ப் பந்தல் நடத்தியிருக்கீங்களா? "கோயில் வேலைதானே"ன்னு அதை விட்டுடாதீங்க. ஆனால், "சமூகச் சேவையில் ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதினால் முதலாளிக்கு எதுவும் புரியாது. "15 தொண்டர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தேன், 3,000 ரிங்கிட் வரவு செலவு பார்த்தேன்" என்பதுபோல எழுதுங்க. செய்த வேலை, எண்ணிக்கை, கிடைத்த பலன் மூன்றும் தெரியணும். செய்யாததை எழுத வேண்டாம். நேர்முகத் தேர்வில் அதைத்தான் துருவிக் கேட்பாங்க.

புதுப் பட்டதாரிக்கு ஒரு பக்கம் போதும். விளம்பரத்தில் கேட்ட திறன் உங்ககிட்ட இருந்தா, அது மேலே வரட்டும். அடையாள அட்டை எண்ணைப் போட வேண்டாம்.

வேலை தேட, சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் முடித்தவர்கள், மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகவும் பதிந்துகொள்ளலாம். வேலை தர முன்பணம் கேட்டால் உடனே விலகிடுங்க.

இன்றைக்கே ஒரு தாளில், இதுவரை செய்த தொண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்க. உங்க முதல் ரெஸ்யூமே அதிலிருந்தே தொடங்கும்.