ஐந்து நாள் வேலை

வடிவமைப்பு என்றால் அழகாக வரைவது என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த பிறகு, 'இது எனக்கு ஏற்ற துறைதானா?' என்று சிலர் தடுமாறுவதுண்டு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே சில நாள் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை செய்து பார்த்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். யுனெஸ்கோ 2015இல் வடிவமைப்புக்கான படைப்பாக்க நகரமாக ஏற்றுக்கொண்ட சிங்கப்பூரில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஆனால், அங்கே வழிகாட்டி ஒருவர் உடன் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், நகல் எடுப்பதிலும் காப்பி வாங்கி வருவதிலும் நாள்கள் ஓடிவிடும்.

உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவி ஒருத்தி ஐந்து நாள் பயிற்சிக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கி அருகே ஒட்டுவதற்காக, டெங்கிக் காய்ச்சல் பற்றிய சுவரொட்டி ஒன்றை அவள் உருவாக்கவேண்டும். முதல் நாளே பெரிய வண்ணக் கொசு ஒன்றை வரைந்து காட்டுகிறாள். வழிகாட்டி பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் இதை எத்தனை விநாடி பார்ப்பார் என்று மட்டும் கேட்கிறார்.

அன்று மாலை அவள் தன் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று கவனிக்கிறாள். பலர் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். ஒரு முதியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறிவிப்பைப் படிக்கத் தொடங்குகிறார்; அதற்குள் கதவு திறந்துவிடுகிறது. மறுநாள் அவள் பாதிச் சொற்களை நீக்கி, எழுத்துகளைப் பெரிதாக்குகிறாள்.

மூன்றாம் நாள் நான்கு மொழிகளும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன. சீனத்தில் இரண்டே எழுத்துகளில் முடிந்துவிடும் 'தேங்கிய தண்ணீர்' தமிழில் ஒரு வரியையே நிரப்பிவிடுகிறது. ஆங்கிலத்துக்கென அமைத்த வரி இடைவெளியில் 'கி'யின் மேல்வளைவும் மேல்வரியில் உள்ள 'ழு'வின் கீழ்ச்சுழியும் முட்டிக்கொள்கின்றன. அதைவிட மோசம், 'கொசு' என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் இருக்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. தமிழுக்குப் பொருந்தாத மென்பொருளில் ஒட்டும்போது இப்படி நேர்வதுண்டு. வழிகாட்டிக்கோ தமிழ் தெரியாது. அவள் சொல்லாதிருந்தால் சுவரொட்டி அப்படியே அச்சாகி, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டிக்குப் பயனற்றுப் போயிருக்கும்.

தவறு எது என்று அவள் விளக்குகிறாள். அதை எப்படிச் சரிசெய்வது என்று வழிகாட்டி கற்றுக்கொடுக்கிறார். தமிழுக்கு ஏற்ற எழுத்துருவை மாற்றி, வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் விடுகிறார்கள். அதற்காகப் படத்தைச் சுருக்கவேண்டியிருக்கிறது. பிறகு படமே தேவையில்லை என்று அவளே முடிவு செய்கிறாள்.

ஐந்தாம் நாள் மாலை சுவரொட்டி அச்சுக்குப் போகிறது. முதல் நாள் அவள் ஆசையாக வரைந்த கொசு அதில் இல்லை.